பிரித்துக்கொள்ள மூன்று தையல்

மிஸ்ஸி அந்த ரவிக்கையின் இரண்டு தோள்பட்டைகளையும் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கினார். முன்பக்கம் பார்த்தார். திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். ஏதாவது கீழே விழுந்திருக்குமோ என்று மேசைக்கு அடியிலும் குனிந்து பார்த்தார்.

நிமிர்ந்து, தமக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் கேட்டார்.

"பாகுஸ். மானா லாகி?"

நன்றாக இருக்கிறது, மீதி எங்கே என்கிறார்.

நாங்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டோம். கீழே காதர் அண்ணனின் சாப்பாட்டுக் கடையில் ரொட்டி சானாய் மாவைக் கல்லில் அடிக்கும் சத்தம் கேட்டது.

ராக்கம்மா அக்காதான் வாயைத் திறந்தார். "மீதியா? என்னா மீதி? மீதிக்குச் சேல கட்டிக்குவாங்க லா!"

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. கையிலிருந்த கத்தரிக்கோலை மெதுவாக மேசையில் வைத்தார்.

வியட்னாமிலிருந்து படகேறி வந்த பெண்கள் சேலை கட்டுவார்களா என்ற கேள்வி அந்த நிமிடம் வரைக்கும் எங்களில் ஒருத்திக்கும் எழவில்லை. சுவரோரமாக, நீலத்தில் வெள்ளைப் பூப்போட்ட ரவிக்கைகள் இடுப்பு உயரத்துக்கு அடுக்கியிருந்தன. அத்தனையும் விலா எலும்போடு நின்றுவிடுகிற ரவிக்கைகள்.

இந்தக் கூத்து எப்படி நடந்தது என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

ஆளுக்கொரு துண்டு

ஈப்போவை ஒட்டிய ஜெலாப்பாங்கில் நான் வேலைக்குச் சேர்ந்த கதையை முன்பே எழுதியிருக்கிறேன். இந்த வாரம்தான் முதன்முதலாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வரி: ஆண்கள் சட்டை தைத்து வெளிநாட்டுக்கு ஏற்றும் தொழிற்சாலை அது. பாக்கியம் என்கிற நான் காலர் மட்டும் தைப்பேன். என் தோழி சரோஜா கைப்பட்டி. இன்னொருத்தி பாக்கெட், வேறொருத்தி பொத்தான் ஓட்டை.

காலையில் போய் உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை காலர்தான். கனவிலும் காலர் வரும். அடுத்த மேசையை எட்டிப் பார்த்தால் சூப்பர்வைசர் கனைப்பார். எட்டிப் பார்க்காமல் இருப்பதே நாளடைவில் எங்களுக்குப் பழகிப்போனது. முழுச் சட்டை ஒன்றை நான் நிதானமாகப் பார்த்ததே தீபாவளிக்குத் தம்பிக்குக் கடையில் எடுத்தபோதுதான்.

எழுபதுகளின் கடைசி வருடங்கள் அவை. கிழக்குக் கரையில் படகு படகாக அகதிகள் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். நாளிதழில் படம் வரும். ஒரு சின்னப் பலகைப் படகில் அத்தனை பேர் எப்படி உட்கார்ந்தார்கள் என்று பஸ்ஸில் போகும்போது பேசிக்கொள்வோம். அதற்குமேல் எங்களால் என்ன செய்ய முடியும் என்று நினைத்திருந்தோம்.

அப்போதுதான் மிஸ்ஸி வந்து சேர்ந்தார். வெளிநாட்டு நிவாரண அமைப்பு ஒன்றின் ஆள். தொழிலால் தாதி; எங்கள் ஊரில் தாதியை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். தமது சொந்தப் பெயரை இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். எங்கள் நாக்கில் அது நிற்கவில்லை. நல்ல நெட்டை. காதர் அண்ணன் கடை வாசலில் தலையைக் குனிந்துதான் நுழைவார்.

தைக்கத் தெரிந்த பெண்களைத் தேடி ஈப்போவுக்கு வந்தவர், அந்தக் கடையில் ரொட்டி சானாய் சாப்பிட உட்கார்ந்தார். பக்கத்து மேசையில் நாங்கள். அவர் கடைக்காரரிடம் விசாரிப்பதைக் கேட்டுவிட்டு சரோஜா மார்தட்டினாள்.

"நாங்க சட்ட தைக்கிறவங்கதான், மிஸ்ஸி. வெளிநாட்டுக்கே போவுது எங்க சட்ட!"

பொய்யில்லையே. மிஸ்ஸிக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். காதர் அண்ணன் உடனே மாடிச் சாவியை எடுத்துக் கொடுத்தார். அவர் தகப்பனார் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்து போட்ட கடை அது. மேல்மாடியில் வெங்காய மூட்டைகள் மட்டும்தான் இருந்தன.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை துணிக் கட்டுகளும் மூன்று மிதி மெஷின்களும் வந்து இறங்கின. பெண்களுக்கு மேலே போடுகிற உடுப்பு வேண்டும் என்று சொல்லிவிட்டு மிஸ்ஸி கோலாலம்பூருக்குப் புறப்பட்டுவிட்டார்.

துணியை விரித்துச் சுற்றி நின்றோம். காலர் தைக்க ஆள் உண்டு. கைப்பட்டிக்கு உண்டு. பாக்கெட்டுக்கும் உண்டு. ஆனால் துணியை வெட்ட ஒருத்திக்கும் தெரியாது. தொழிற்சாலையில் அது வேறு கொட்டகையில் ஆண்கள் செய்கிற வேலை.

மாடிப்படியில் நின்று பார்த்த காதர் அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். "நல்ல சட்டக்காரிங்க லா நீங்க! எங்கடையில ஒருத்தன் மாவு மட்டும் பெசைவான், ஒருத்தன் கல்ல மட்டும் பாத்துக்கிட்டு இருப்பான்னா, ரொட்டி யாரு போடறது?"

சரோஜாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "இருங்கண்ணே. ராக்கம்மா அக்காவக் கூட்டிக்கிட்டு வாரேன்" என்று சைக்கிளை எடுத்தாள்.

சிவப்புக் கார்டு

ராக்கம்மா அக்கா எங்கள் ரப்பர் தோட்டத்துக்காரர். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது எல்லோரையும் போல அவரும் சட்டி பானையோடு ஈப்போவின் புந்தோங்குக்கு வந்து குடியேறினார். ஆள் ஒல்லிக்குச்சி. குரல் மட்டும் பால் கொட்டகையில் பேசினால் ஆற்றங்கரை வரைக்கும் கேட்கும்.

எங்களுக்கெல்லாம் தொழிற்சாலை வேலை கிடைத்தது. அவருக்குக் கிடைக்கவில்லை. அவர் கையில் இருந்தது சிவப்பு அடையாளக் கார்டு. இந்த மண்ணில் பிறந்தும், பிறந்ததற்குப் பத்திரம் இல்லாததால் குடியுரிமை இல்லாமல் போனவர்களில் அவரும் ஒருவர். நீலக் கார்டு வைத்திருந்தால் வாசலுக்கு உள்ளே, சிவப்பென்றால் வெளியே. அவ்வளவுதான் விஷயம்.

பால்மரம் சீவுவதை விட்டால் அவருக்குத் தெரிந்தது ரவிக்கை தைப்பது. அதற்கும் சொந்த மெஷின் இல்லை. பக்கத்து வீட்டுக்காரி சமைக்கப் போகிற நேரம் பார்த்து அவள் மெஷினில் ஓட்டிக்கொள்வார். அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்ட நாளில் அதுவும் கிடையாது.

மாடிக்கு வந்தவர் துணியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேராக மெஷின்களிடம் போனார்.

"அக்கா, முகாமில இந்த உடுப்பு பிடிச்சுப்போச்சுன்னா தொடர்ந்து துணி வருமாம்" என்றாள் சரோஜா. "வீட்டோட இருந்து தைக்கிறவங்களுக்கு ஒரு மெஷினக் குடுத்திருவாங்களாம். நாங்கதான் வேலைக்குப் போறோமே. நீங்க வச்சுக்கங்க."

"பிடிக்கலன்னா?"

"மூணையும் தூக்கிக்கிட்டு வேற ஊருக்குப் போயிருவாங்க."

அக்கா மூன்று மெஷின்களையும் மிதித்துப் பார்த்தார். நடுவில் இருந்ததுதான் சத்தமில்லாமல் ஓடியது. தன் நெற்றிக் குங்குமத்தை விரலில் தொட்டு அதன் தலையில் ஒரு பொட்டு வைத்தார். ஆயுத பூசைக்கு இன்னும் எத்தனையோ மாதம் இருந்தது.

"இது எனக்குத்தான். யாரும் தூக்கக் கூடாது லா, சொல்லிட்டேன்."

அப்புறம் துணியைக் கையில் எடுத்தவர்தான். பெண்களுக்கு மேலே போடுகிற உடுப்பு என்றால் அவர் அகராதியில் ஒன்றே ஒன்று. சிறிசு, நடுவாந்திரம், பெரிசு என்று மூன்று அளவில் வெட்டித் தள்ளினார். நான் கழுத்தைப் பிடித்துக்கொண்டேன். சரோஜா கை ஓரம். மற்றவர்கள் கொக்கி, மடிப்பு. அடுத்த மேசையை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அதுதான் ஜெலாப்பாங்கில் எங்களுக்குப் பழக்கியிருந்தார்களே!

கோணிச் சட்டை

பக்கத் தையலை மட்டும் அக்கா யாரையும் தொடவிடவில்லை. உள்ளே நிறையத் துணியை மடித்து விட்டு, ஒன்றை ஒட்டி இன்னொன்றாக மூன்று வரி ஓட்டுவார். நம் ஊர் ரவிக்கையில் இது புதிதில்லை. உடம்பு போட்டால் பிரித்துக்கொள்ள எல்லாத் தையற்காரர்களும் விடுவதுதான். இருந்தாலும் சரோஜா கேட்டாள்.

"இதுக்கு எதுக்குக்கா மூணு? ஒண்ணு போட்டா சீக்கிரம் முடியுமில்ல?"

அக்கா மிதியை நிறுத்திவிட்டுச் சொன்ன கதை இது.

ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்திருந்த காலத்தில் அவர் சின்னப் பெண். தோட்டத்தில் துணி என்பதே அற்றுப்போனது. அரிசிக் கோணியில் தலைக்கும் கைக்கும் ஓட்டை போட்டு மாட்டிக்கொண்டு திரிந்தார்களாம். வெயிலில் அரிக்கும். மழையில் நனைந்தால் ஆளையே கீழே இழுக்கும். அதில் மூட்டைப்பூச்சி வேறு. சொல்லும்போதே அக்கா கழுத்தைச் சொறிந்துகொண்டார். கேட்ட எங்களுக்கும் அரித்தது.

சண்டை ஓய்ந்த பிறகு ஒருநாள் பெரட்டுக் களத்தில், காலையில் ஆள் கணக்கு எடுக்கிற இடத்தில், ஒரு லாரி வந்து நின்றது. கடல் கடந்து வந்த நிவாரணத் துணிகள். யார் கொடுத்தார்கள், எந்த நாட்டிலிருந்து என்று ஒருவருக்கும் தெரியாது. அக்காவின் கைக்கு வந்தது ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டியின் பச்சைப் பட்டுக் கவுன். கழுத்தில் சல்லடைப் பூ வேலை. முதுகில் பெரிய முடிச்சு. அதைப் போட்டுக்கொண்டு லயத்து வீட்டுக்கு நடந்தவரைப் பார்த்து நாய்களெல்லாம் குரைத்தனவாம்.

"எங்கம்மா ரெண்டு நாளா அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்துச்சு" என்றார் அக்கா. "அப்பறம் வெட்டி எனக்கு ரெண்டு ரவிக்க தச்சிருச்சு. அப்ப நான் எலும்பும் தோலும். எங்கம்மா மூணு தையல் போட்டுச்சு. சோறு கெடைச்சா இவ தேறிருவா, அப்ப பிரிச்சுக்கலாமுன்னு சொல்லிச்சு."

முதல் தையலை மறு வருடம் பிரித்தார்களாம். இரண்டாவதைப் பெரிய மனுஷியானபோது. மூன்றாவதைக் கல்யாணத்துக்கு.

"நான் தேறுவேன்னு எங்கம்மாவத் தவிர அந்தத் தோட்டத்தில ஒருத்தரும் நம்பல லா" என்று சொல்லிவிட்டு மறுபடி மிதிக்க ஆரம்பித்தார். சரோஜா புது நூல்கண்டை எடுத்து அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

ஒரு சாண்

இப்போது மிஸ்ஸியிடம் திரும்பி வருவோம். ரவிக்கையும் கையுமாக அவர் நிற்கிறார். நாங்கள் பேயறைந்தது போல நிற்கிறோம்.

விஷயத்தை மலாயும் ஆங்கிலமும் கைச்சாடையுமாக நான்தான் விளக்கினேன். மிஸ்ஸி அப்படியே தரையில் உட்கார்ந்து, அந்த நீளக் கால்களை நீட்டிக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். எங்களுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ராக்கம்மா அக்கா மட்டும் சிரிக்கவில்லை. பொட்டு வைத்த மெஷின்மேல் ஒரு கையை வைத்தபடி நின்றிருந்தார்.

மிஸ்ஸி கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளதைச் சொன்னார். இதைச் சரிசெய்ய வேறு துணி கிடையாது. வருகிற சனிக்கிழமை இவற்றைக் கோலாலம்பூர் பக்கத்து இடைத்தங்கல் முகாமுக்குக் கொண்டுபோக வேண்டும். விமானம் ஏறிக் குளிர்தேசம் போகப்போகிறவர்கள் அங்கே காத்திருக்கிறார்கள். உடுப்பு வேண்டும் வேண்டாம் என்று சொல்லப்போவது தாமில்லை, உடுத்திக்கொள்கிறவர்கள்தான். மெஷின்களையும் கையோடு எடுத்து வர வேண்டும், வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அவற்றை அங்கிருந்தே வேறு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்.

அவர் போன பிறகு அக்கா படியில் போய் உட்கார்ந்துகொண்டார். "எம்புத்தி போன போக்கப் பாரு. அவங்களும் நம்ம சீனத்திங்க மாதிரிதானே, எங்க சேல கட்டுறாங்க? தெனம் பசார்ல பாக்கறேனே!"

எனக்கு மனசு கேட்கவில்லை. மூலையில் கிடந்த வெட்டுத் துண்டுகளைக் கிளறிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் தோன்றியது. காலர் என்பது என்ன? ஒரு பட்டையை இரட்டையாக மடித்து ஓரத்தில் வைத்துத் தைப்பது. அதைக் கழுத்தில்தான் வைக்க வேண்டும் என்று சட்டமா?

"அக்கா, காலர இடுப்பில வச்சா என்னா?"

அக்கா திரும்பிப் பார்த்தார். தன் விலாவில் கையை வைத்து ஒரு சாண் அளந்தார். அந்தச் சாண் சரியாக இடுப்பில் போய் முடிந்தது.

"வாங்கடி" என்று எழுந்தார்.

அந்த வாரம் முழுக்க வேலை விட்டு நேரே மாடிக்குத்தான். வெட்டுத் துண்டுகளை ஒட்டுப் போட்டுப் பட்டைகளாக்கினார் அக்கா. பட்டையை மடித்து நேர்கோட்டில் ஓட்டுவது எங்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. கீழேயிருந்து காதர் அண்ணன் நுரைக்க ஆற்றிய தே தாரிக் டீயை அனுப்பிக்கொண்டே இருந்தார். ஒரே ஒரு குறை. அத்தனை ரவிக்கைகளிலும் ஆட்டுக்கறிக் குழம்பு வாசம் ஏறிவிட்டது.

முகாம் வாசலில்

சனிக்கிழமை காதர் அண்ணன் வேனில் போனோம். தாப்பா, தஞ்சோங் மாலிம் என்று பழைய சாலையில் குலுங்கிக்கொண்டே பயணம். வாழையிலையில் கட்டிய நாசி லெமாக் தேங்காய்ச் சோற்றைத் தின்றபடி சரோஜா பாட்டுப் பாடினாள். அக்கா பின்னால் துணி மூட்டைகளுக்கு நடுவே, மெஷின் உருளாமல் பிடித்துக்கொண்டு வந்தார். அவரைப் பாடச் சொல்ல எங்களுக்குத் தைரியம் வரவில்லை.

முகாம் வாசலில் காவலர் அடையாளக் கார்டுகளை வாங்கிப் பார்த்தார். எல்லாம் நீலம். ஒன்று மட்டும் சிவப்பு. அதை எடுத்துப் பிடித்து, இந்த அம்மா உள்ளே இருக்க வேண்டியவரா, வெளியே இருக்க வேண்டியவரா என்று மலாயில் கிண்டலாகக் கேட்டார். சின்ன வயசுக்காரர்.

"சாயா ஓராங் சினி லா, என்ச்சே" என்றார் அக்கா. நான் இந்த ஊர்க்காரி. அதோடு விட்டிருந்தால் அவர் ராக்கம்மா அக்கா இல்லையே. நீ பிறப்பதற்கு முன்னாலேயே நான் இங்கே பால் சீவிக்கொண்டிருந்தேன், உன் தாயாரைக் கேட்டுப் பார் என்று அதே மலாயில் சேர்த்துச் சொன்னார். காவலர் சிரித்துவிட்டார். கதவு திறந்தது.

உள்ளே நீளக் கொட்டகை. மிஸ்ஸி எங்களுக்கு முன்பே வந்து காத்திருந்தார். துணிக்குப் பொறுப்பாக இருந்தவர் லான் என்ற பெண்மணி. அவர் ஊரில் தையற்கடை வைத்திருந்தவராம். கன்னம் ஒட்டிப்போய், கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. அவர் சரியென்றால் சரி, இல்லையென்றால் இல்லை. ஆங்கிலம் தெரிந்த ஒரு வியட்னாமியப் பெண் கூட நின்று சொல்லிக்கொடுத்தாள்.

லான் மூட்டையிலிருந்து ஒரு ரவிக்கையை எடுத்தார். முதலில் மூக்கருகே கொண்டுபோனார். குழம்பு வாசம் பிடிபட்டிருக்க வேண்டும். புருவத்தைத் தூக்கிக் காதர் அண்ணனைப் பார்த்தார். கடை முதலாளி வெட்கப்பட்டு அன்றுதான் பார்த்தேன்.

இடுப்புப் பட்டையை இழுத்துப் பார்த்தார். ஒட்டுப் போட்டது தெரிந்துவிட்டது. தொழில்காரியை ஏமாற்ற முடியுமா? உதட்டைப் பிதுக்கினார். அக்கா என் கையைப் பிடித்திருந்த பிடியில் வளையல் அழுந்தியது.

பிறகு லான் ரவிக்கையை உள்புறமாகத் திருப்பினார். பக்கத் தையலில் விரலை ஓட்டினார். விரல் நின்றது. ஒன்று. இரண்டு. மூன்று. இன்னொரு ரவிக்கையை எடுத்துத் திருப்பினார். அதிலும் மூன்று. ஏன் என்று கையை விரித்தார்.

அக்கா என் கையை விட்டுவிட்டு முன்னால் போனார். மொழியாவது ஒன்றாவது. லானின் ஒட்டிய கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். சோற்றைப் பிசைந்து வாயில் போடுவது போலக் காட்டினார். "மாக்கான், மாக்கான்" என்றார். தன் கன்னத்தை உப்ப வைத்தார். கையை அகட்டி, ஆனை போல நாலடி நடந்து காட்டினார். அப்புறம் தையலைக் காட்டி, "கர்ர்ர்" என்று பிரிக்கும் சத்தம் போட்டார். கொஞ்சம் குண்டானால் ஒன்று. இன்னும் குண்டானால் இன்னொன்று.

லான் அந்தப் பெண்ணிடம் ஏதோ கேட்டார். அவள் எங்களுக்கு ஆங்கிலத்தில் சொன்னாள். "நாங்களெல்லாம் குண்டாவோம் என்று நினைத்தா தைத்தீர்கள் என்று கேட்கிறார்."

நான் தமிழில் சொன்னதும் அக்காவுக்குக் கோபமே வந்துவிட்டது. "பின்ன? ஆவாம என்னா? நான் ஆகலியா? கோணி கட்டிக்கிட்டு இருந்தவ லா நான்!"

அவர் ஆகியிருந்த லட்சணம் எங்களுக்குத் தெரியும். ஆனாலும் யாரும் சிரிக்கவில்லை.

லான்தான் சிரித்தார். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டே ரவிக்கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அழுகிறார் என்று தெரிய எங்களுக்குச் சற்று நேரமாயிற்று. நானும் அழுதேன். கடலில் அவர் யாரை விட்டுவிட்டு வந்தாரோ, கேட்க எனக்கு மொழியும் இல்லை, துணிச்சலும் இல்லை. காதர் அண்ணன் வேன் டயரில் ஏதோ பழுது இருப்பதுபோல அந்தப் பக்கம் போய்விட்டார்.

பிறகு லான் கண்ணைத் துடைத்துவிட்டு, மற்றப் பெண்களைக் கூப்பிட்டார். கம்பளிச் சட்டைக்கு உள்ளே போட இதுதான் தோது என்று ஒரு ரவிக்கையைத் தம்மீது வைத்துக் காட்டினார். பக்கத் தையலைத் திருப்பித் திருப்பி எல்லோருக்கும் அவரே விளக்கினார். ஆனை நடையும் நடந்து காட்டினார். கொட்டகையே கலகலத்தது.

மிஸ்ஸி நேரே வேனுக்குப் போய், இறக்கி வைத்திருந்த மெஷின்களில் பொட்டு வைத்ததைத் தேடி எடுத்து, காதர் அண்ணனோடு சேர்ந்து மறுபடி ஏற்றினார். திரும்பும் வழியில் அக்கா பாடிய பாட்டை நிறுத்த தாப்பா வரைக்கும் எங்களால் முடியவில்லை.

படம் எடுத்த நாள்

எண்பதுகளின் நடுவில் ஒரு காலை. அக்கா என்னை ஈப்போவில் ஒரு போட்டோக் கடைக்குக் கூட்டிப்போனார். எத்தனையோ முறை நடையாய் நடந்து, கடைசியில் அவருக்கு நீலக் கார்டு கிடைத்திருந்தது. அதற்குப் படம் வேண்டும்.

அந்த மெஷின் அவருக்குச் சோறு போட்டது. உடம்பும் போட்டிருந்தது. சேலைத் தலைப்பை விலக்கித் தோளைக் காட்டினார். நீலத்தில் வெள்ளைப் பூ. மாதிரிக்கென்று அன்றைக்கு எடுத்து வைத்துக்கொண்ட ரவிக்கை.

"மூணு தையலும் பிரிச்சாச்சு லா, பாக்கியம்" என்றார்.

சிரிக்கக் கூடாது என்று சீனப் படக்காரர் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். கறுப்பு வெள்ளைப் படம்தான். அதில் நீலம் விழாது. சிரிப்பு விழுந்துவிட்டது.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது அக்கா கேட்டார்.

"அந்த லான் இப்ப எத்தனாவது தையல்ல இருப்பா?"

"மூணையும் பிரிச்சிருப்பாங்கக்கா."

"பிரிச்சிருக்கணும்" என்றார் அக்கா. பஸ் வந்தது. படியில் அவர் உடம்பைத் திருப்பித்தான் ஏற வேண்டியிருந்தது.